‘வரலாற்றில் இன்று’ பலகை எழுதப் போகிறீர்களா? தேதியை உறுதி செய்யும் வழி இது

பள்ளியிலோ நூலகத்திலோ ‘வரலாற்றில் இன்று’ எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், முதல் வாரம் உற்சாகமாகப் போகும். கைபேசியில் தேடினால் நாலு வரி கிடைக்கும், அதைப் பலகையில் எழுதிவிடலாம். சிக்கல் இரண்டாவது வாரத்தில் ஆரம்பிக்கும்.

எங்கள் ஊர் நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. நான் அதில் எழுத ஆரம்பித்த முதல் பிப்ரவரியில், 14-ஆம் தேதி காலை, ‘பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் தூக்கிலிடப்பட்ட நாள்’ என்று எழுதினேன். முந்தின இரவு வாட்ஸ்அப்பில் மூன்று குழுக்களில் வந்த செய்தி அது. மூன்று இடத்தில் வந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். பத்து மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பலகை முன்னால் நின்று படித்துவிட்டு, “தம்பி, அது மார்ச் 23. 1931-ஆம் வருசம், லாகூர் சிறை” என்றார். உடனே அழித்தேன். ஆனால் அதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடி அலைந்தேன். எங்கே போவது, யாரைக் கேட்பது, எந்தத் தேதியை நம்புவது என்று சொல்லித் தர ஆள் இல்லை. நீங்களும் அதே மாதிரி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முப்பது நாள் சரக்கு சேர்ந்த பிறகு ஆரம்பியுங்கள்

இன்றைக்கு எழுத வேண்டியதை இன்று காலை தேடாதீர்கள். தவறுகளில் பெரும்பாலானவை அந்த அவசரத்தில்தான் வரும். ஒரு வரியை உறுதி செய்ய எனக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆகிறது. சிலதுக்கு மூன்று வாரம்கூட ஆகியிருக்கிறது. அதனால் முப்பது நாளுக்கான பதிவுகள் கையில் இருந்தால்தான் பலகையைத் தொடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானூறு பக்க நீள நோட்டு ஒன்று போதும். பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 பக்கம், நாளுக்கு ஒரு பக்கம். மேலே தேதி, கீழே நான்கு கட்டம்: என்ன நடந்தது, இது எதனுடைய தேதி, எந்த ஆதாரத்தில் பார்த்தேன், என்றைக்குப் பார்த்தேன். நான்கும் நிரம்பாத வரியைப் பலகைக்கு அனுப்பாதீர்கள். கணினியில் வைத்துக்கொண்டாலும் சரி, ஆனால் கட்டங்கள் நான்கும் இருக்கட்டும்.

2. ‘இது எதனுடைய தேதி?’ என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

‘தமிழ்நாடு’ என்று பெயர் மாறிய நாள் எது என்று தேடிப் பாருங்கள். மூன்று விடை வரும். 1967 ஜூலை 18 என்று ஒருவர் எழுதியிருப்பார். அது சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய நாள். 1969 ஜனவரி 14 என்று இன்னொருவர் எழுதியிருப்பார். நாடாளுமன்றம் 1968-இல் இயற்றிய பெயர் மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அன்றுதான். மூன்றாமவர் 1956 நவம்பர் 1 என்பார். அன்று மொழிவாரியாக மாநில எல்லைகள் அமைந்தன, கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது, ஆனால் பெயர் மட்டும் சென்னை மாநிலம் என்றேதான் இருந்தது. மூன்று தேதிகளும் உண்மையானவை. ஒன்றுக்கு உரிய வினையை இன்னொன்றின் மேல் ஏற்றும்போதுதான் தவறு வருகிறது. நவம்பர் 1-ஆம் தேதி ‘தமிழ்நாடு எனப் பெயர் சூட்டப்பட்டது’ என்று எழுதினால் தவறு. ‘கன்னியாகுமரி சென்னை மாநிலத்துடன் இணைந்தது’ என்று எழுதினால் சரி. (திருத்தணியை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது 1960 ஏப்ரல் 1-இல் வந்தது.)

அரசியலமைப்புச் சட்டமும் இப்படித்தான். 1949 நவம்பர் 26-இல் அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றுக்கொண்டது. உறுப்பினர்கள் கையெழுத்திட்டது 1950 ஜனவரி 24. முழுமையாக நடைமுறைக்கு வந்தது ஜனவரி 26. குடியுரிமை போன்ற சில பிரிவுகள் மட்டும் நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. ஜனவரி 24 அன்றுதான் ‘ஜன கண மன’ தேசிய கீதமாக அறிவிக்கப்பட்டது என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளைப் பலரும் கவனிப்பதில்லை, பலகைக்கு அருமையான செய்தி.

புதுச்சேரிக்கு 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கை மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருடம் ஓடியிருக்கிறது. ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது 1942 ஆகஸ்ட் 8, தலைவர்கள் கைதானது மறுநாள் விடியற்காலை.

ஆகவே நோட்டின் இரண்டாவது கட்டத்தில் இந்தச் சொற்களில் ஒன்றை எழுதுங்கள்: நடந்தது, அறிவித்தது, நிறைவேற்றியது, கையெழுத்திட்டது, நடைமுறைக்கு வந்தது, கொண்டாடுவது. எது என்று தெரியாமல் போனால் அந்தப் பதிவை ஒத்திப்போடுங்கள்.

3. நள்ளிரவை ஒட்டிய நிகழ்வுகளில் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

பாரதியார் நினைவு நாள் செப்டம்பர் 11 என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் மாநகராட்சி இறப்புப் பதிவில் இருப்பது 1921 செப்டம்பர் 12. அவர் உயிர் பிரிந்தது 11-ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில். நம் வழக்கப்படி விடியும் வரை அது முந்தின நாள் இரவுதான். ஆங்கில நாள்காட்டிக்கோ பன்னிரண்டு மணி அடித்தால் அடுத்த நாள். இந்த மாதிரி இடத்தில் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடாமல், ‘செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதுங்கள். படிப்பவருக்கு இரண்டும் புரிந்துவிடும்.

தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனது 1964 டிசம்பர் 22 இரவு. பல இடங்களில் 23 என்று இருக்கும். ‘22-23 இரவு’ என்று போடுவது நல்லது. லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், நள்ளிரவு தாண்டி 11-ஆம் தேதி காலமானார். இரண்டையும் ஒரே தேதியில் போட்டிருந்த நாள்காட்டி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். 1975 நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டது ஜூன் 25 இரவு. நாட்டு மக்கள் வானொலியில் கேட்டது 26 காலை.

4. 1752-க்கு முந்தைய ஆங்கிலேயத் தேதிகள்

இங்கே நான் நிறைய நேரம் இழந்தேன். 1746-இல் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் போன நாள் ஒரு புத்தகத்தில் செப்டம்பர் 10 என்றும், இன்னொன்றில் செப்டம்பர் 21 என்றும் இருந்தது. ஒன்று அச்சுப்பிழை என்று நினைத்து நாள்கணக்கில் தேடினேன். கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒரே நாள்! ஆங்கிலேயர் அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியில் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியிருந்தார்கள். இடைவெளி 11 நாள். இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. அந்த வருடம் அவர்களுக்கு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14.

இன்னொன்றும் உண்டு. அதுவரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே பழைய கம்பெனிப் பதிவில் ‘பிப்ரவரி 1690’ என்றிருந்தால் அது நம் கணக்கில் பெரும்பாலும் 1691. புத்தகத்தில் ‘1690/91’ என்று சாய்கோட்டுடன் இருந்தால், பதிப்பாசிரியர் இதைக் கவனித்திருக்கிறார் என்று நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம்.

சென்னை தினமான ஆகஸ்ட் 22, 1639-உம் பழைய கணக்குத்தான். இதை நீங்களே புதுக் கணக்குக்கு மாற்றி செப்டம்பர் 1 ஆக்கிவிடாதீர்கள். ஊர் முழுக்கக் கொண்டாடும் நாளை மாற்ற வேண்டியதில்லை, அடைப்புக்குறிக்குள் ‘பழைய கணக்கு’ என்று போட்டால் போதும்.

5. தமிழ்த் தேதி, நட்சத்திரம், கொல்லம் ஆண்டு

தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். பாரதியார் பிறந்தது சித்திரபானு வருடம் கார்த்திகை 27, மூல நட்சத்திரம். அது 1882 டிசம்பர் 11. சித்திரபானு 1942-லும் வந்தது, 2002-லும் வந்தது. அதே சித்திரபானுவில் மார்கழிக் கடைசி வாரம் என்றால் ஆங்கில வருடம் 1883 ஆகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி வாக்கில் பிறக்கும் ஆண்டு அது. மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

கல்வெட்டில் திதி, நட்சத்திரம், கிழமை மூன்றும் இருந்தால், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தயாரித்த ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ தொகுதிகளில் தேடலாம். கி.பி. 700 முதல் 1799 வரை பஞ்சாங்கக் கணக்கு நாள் வாரியாக இருக்கிறது. முதல் தடவை புரட்டும்போது தலை சுற்றும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டால் அரை நாளில் பழகிவிடும். மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் ‘ஆட்சியாண்டு 12’ என்று மட்டும் இருந்தால், அந்த நிகழ்வுக்கு நாள் கிடையாது. அதை 366 பக்கத்துக்குள் திணிக்காதீர்கள்.

திருவள்ளுவர் தினம் (தை 2), மகாவீரர் ஜெயந்தி, புத்த பூர்ணிமா போன்றவை வருடா வருடம் ஆங்கிலத் தேதியில் நகரும். நோட்டின் கடைசியில் இவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டு, டிசம்பரில் புதுக் காலண்டர் வந்ததும் தேதியைப் பென்சிலால் நிரப்புங்கள்.

6. ஆதாரம் தேடிப் போகும் இடங்கள்: காகிதம், செலவு, நேரம்

வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள், காசு செலவில்லை. சட்டம், பெயர் மாற்றம், மாவட்டப் பிரிப்பு எல்லாவற்றுக்கும் அரசிதழ்தான் கடைசி வார்த்தை. மத்திய அரசிதழ் இணையத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கிறது, தமிழக அரசிதழை எழுதுபொருள் அச்சுத் துறை வெளியிடுகிறது. அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் 1946 டிசம்பர் 9-இல் நடந்த முதல் கூட்டத்திலிருந்து நாள் வாரியாக நாடாளுமன்ற மின்னூலகத்தில் இருக்கின்றன. தேசியக் கொடி ஏற்கப்பட்ட 1947 ஜூலை 22-ஐ நான் அங்கேதான் சரிபார்த்தேன். நேரு பேசியதை முழுதாகப் படித்துவிட்டு எழுதியபோது பலகையில் அந்த ஒரு வரி வேறு மாதிரி வந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் பதிவு செய்துகொண்டு தேடலாம். பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. விக்கிப்பீடியாவைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் கீழே கொடுத்திருக்கும் மேற்கோளைத் திறந்து படித்த பிறகுதான் மூன்றாவது கட்டத்தை நிரப்ப வேண்டும்.

நேரில் போக வேண்டியதற்குச் சென்னை எழும்பூர் வசதி. தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் அங்கேயே இருக்கின்றன. நாட்டில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் கன்னிமாரா ஒன்று. பழைய தமிழ் அச்சுப் பிரதிகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் அட்டையும் அதன் இரண்டு ஜெராக்ஸும், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, உங்கள் பள்ளியோ நூலகமோ முத்திரையிட்டுத் தரும் அறிமுகக் கடிதம். கடிதத்தில் ‘ஆராய்ச்சிக்காக’ என்று பொதுவாக எழுதி வாங்காதீர்கள். எந்த ஆண்டு, எந்தப் பொருள் என்று இருக்க வேண்டும். நான் முதல் தடவை கடிதமே இல்லாமல் ஒரு அலுவலகத்துக்குப் போய், இரவுப் பஸ்ஸில் வந்த வழியே திரும்பினேன். இரண்டாவது தடவை கடிதம் இருந்தது, பொருள் இல்லை. மூன்றாவது தடவைதான் உள்ளே விட்டார்கள். போவதற்கு முந்தின நாள் போன் போட்டு, வாசிப்பறை திறந்திருக்கிறதா, நகல் எடுக்க அனுமதியும் கட்டணமும் என்ன என்று கேட்டுவிடுங்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

ஆவணக் காப்பகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்த உடனே கட்டு வந்துவிடாது. காலையில் கொடுத்தால் மதியத்துக்கு மேல் வரலாம், மறுநாளும் ஆகலாம். வெளியூர்க்காரர்கள் இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது. பேனாவை உள்ளே எடுக்காதீர்கள், பென்சில்தான். பழைய நாளிதழ்க் கட்டைத் திருப்பும்போது தாளின் மூலையைப் பிடிக்காமல் உள்ளங்கையை அடியில் கொடுத்துத் திருப்புங்கள். நான் பார்த்த ஒரு கட்டில் ஓரங்கள் அப்பளம் மாதிரி நொறுங்கி, மேசை முழுக்கப் பழுப்புத் தூளாகக் கிடந்தது. அந்தத் தூளில் யாரோ ஒருவருடைய தேதி போயிருக்கும்.

நாளிதழைப் பார்க்கும்போது பக்க உச்சியில் இருக்கும் தேதி நிகழ்வின் தேதியாக இருக்காது. காந்தியடிகள் சுடப்பட்டது 1948 ஜனவரி 30 மாலை, காலைப் பதிப்புகளில் வந்தது 31. செய்தியின் தொடக்கத்தில் ‘புதுதில்லி, ஜன. 30’ என்று சின்னதாக இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். இன்னும் பழைய பத்திரிகைகளில் தந்தி வந்து அச்சேற இரண்டு மூன்று நாள்கூட ஆகியிருக்கும். ‘சென்ற செவ்வாயன்று’ என்றால் உட்கார்ந்து கிழமையை எண்ணுங்கள்.

உள்ளூர் அரசாணையோ திறப்பு விழாத் தேதியோ எங்கேயும் கிடைக்கவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதில் தர 30 நாள். ‘இந்தப் பாலத்தின் வரலாறு என்ன?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்தப் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதைக் காட்டும் பதிவின் நகல்’ என்று கேளுங்கள். பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பதை முதலில் விசாரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மனு ஒவ்வொரு மேசையாகச் சுற்றும்.

செலவைப் பொறுத்தவரை, முதல் வருடத்தில் எனக்குப் பாதிக்கு மேல் போனது பஸ் கட்டணம்தான். அதனால் ஒரு பயணத்துக்குக் குறைந்தது பதினைந்து தேதிகளாவது சேர்ந்த பிறகே கிளம்புங்கள்.

7. பலகையில் ஏற்றும்போது

எண்ணிக்கைகளில் கவனம் வேண்டும். ஜாலியன்வாலா பாக்கில் (1919 ஏப்ரல் 13) இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படி 379 பேர். காங்கிரஸ் குழுவின் கணக்கு ஆயிரத்தைத் தொட்டது. யாருடைய கணக்கு என்று சொல்லாமல் எண்ணை எழுதாதீர்கள்.

அக்டோபர் 2 மாதிரி நாட்களில் இடம் போதாது. காந்தியும் (1869) சாஸ்திரியும் (1904) பிறந்தது அன்று, காமராஜர் மறைந்ததும் (1975) அன்றுதான். அப்படி இருந்தால் வருடத்துக்கு ஒருவராக மாற்றி எழுதலாம். பிறந்த நாளும் நினைவு நாளுமே பலகையை நிறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடியது, 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டார்கள், 1934 ஆகஸ்ட் 21-இல் மேட்டூர் அணை திறந்தது. இவையும் பலகையில் ஏற வேண்டிய நாட்கள்தான். கீழவெண்மணி பற்றி எழுதிய அன்று ஒரு அம்மா பலகை முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார்.

படம் ஒட்டினால் மூன்று விஷயம் பாருங்கள். தேசியக் கொடியின் மேல் எழுத்து எதுவும் வரக் கூடாது, அதைத் தடுக்கும் சட்டம் 1971-லிருந்து இருக்கிறது. அசோகச் சின்னத்தை அழகுக்காகப் போடாதீர்கள், அதன் பயன்பாட்டுக்கும் 2005-இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. இந்திய வரைபடத்தை எங்கிருந்தோ இறக்காமல் இந்திய நில அளவைத் துறை தருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படங்களுக்கு எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு 60 வருடமும் காப்புரிமை உண்டு என்பதால், அண்மைக் காலப் படங்களை அனுமதியில்லாமல் ஒட்ட வேண்டாம்.

8. தவறு நேர்ந்துவிட்டால்

அழித்துவிட்டு வேறு எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். மறுநாள் பலகையின் முதல் வரியாகத் ‘திருத்தம்’ என்று போட்டு, நேற்று எழுதியது என்ன, சரியானது என்ன, எந்த ஆதாரம் என்று மூன்றையும் எழுதுங்கள். பிள்ளைகள் நோட்டில் திருத்திக்கொள்ள அந்த வரி இரண்டு நாள் இருக்கட்டும். பக்கத்துப் பள்ளிக்கு ஒரு போன் போட்டு, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

நோட்டின் கடைசி நான்கு பக்கங்களைத் திருத்தங்களுக்கென்று விட்டுவிடுங்கள். யார் சொல்லித் திருத்தினீர்கள் என்பதையும் அங்கே எழுதுங்கள். என் நோட்டில் முதல் பதிவு பிப்ரவரி 14, பக்கத்தில் அந்த ஆசிரியரின் கையெழுத்து. இப்போது மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்கான முப்பது வரிகளையும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து, சந்தேகம் உள்ள வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தருவார்.